சாம்பலிலிருந்து எழுவது யார்?
டெட்ராய்ட் நடுநகரின் கதை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நான் பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவன். பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பொன்விழாவில் ஒரு சரித்திரப் பேச்சு வேண்டும் என்று உங்கள் விழாக் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்தேன். இங்கே வந்து போகும்போதெல்லாம் ஒரு பேச்சு என் காதில் விழுகிறது. இந்தப் பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிய கோயில் கட்டவேண்டும் என்கிறார்கள் சிலர். பாட்டன் பூட்டன் சுமந்த கல், இதைத் தொடக்கூடாது என்கிறார்கள் சிலர். பெரிய கோயில் எழுமானால் வளாகத்தின் தென்புறத்து வரிசை வீடுகள் போகவேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொல்கிறவர்களும் உண்டு. வெளியூர்க்காரன் இதில் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆனால் இடிப்பதையும் கட்டுவதையும் ஒரு பெருநகரமே 200 ஆண்டுகளாகச் செய்து பார்த்திருக்கிறது. அதன் கதையை உங்கள்முன் வைக்கலாம் அல்லவா?

அந்த நகரம் அமெரிக்காவின் டெட்ராய்ட். மோட்டார்க் கார் என்றதும் நினைவுக்கு வரும் ஊர். அதன் நடுநகரை, அங்குள்ளோர் 'டவுன்டவுன்' என்று அழைக்கும் பகுதியை, இன்று உங்களோடு ஒருமுறை சுற்றிவர விரும்புகிறேன். இந்தச் சுற்றுலாவில் நமக்கு உறவுக்காரர் ஒருவரும் கிடைப்பார். அந்நகரின் முத்திரையில் பொறித்திருக்கும் வாசகம் ஒரு பங்குக் குருவானவர் எழுதியது.

தீயும் முத்திரையும்

'டெத்ருவா' என்றால் பிரெஞ்சு மொழியில் நீரிணை என்று பொருள். இரண்டு பெரிய ஏரிகளுக்கு இடையே ஆறுபோல் ஓடும் நீர்வழியின் கரையில், 1701 ஜூலை 24ஆம் நாள், காடிலாக் என்ற பிரெஞ்சு அதிகாரி தம் ஆட்களோடு இறங்கிக் கோட்டை அமைத்தார். இரண்டே நாளில், ஜூலை 26ஆம் நாள், அன்னம்மாளின் திருநாளன்று, அங்கே சிற்றாலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அதனால் புனித அன்னம்மாள் பங்குக்கும் டெட்ராய்ட் நகருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐக்கிய அமெரிக்காவில் இடைவிடாது நடந்துவரும் கத்தோலிக்கப் பங்குகளில் அது இரண்டாவது பழமையானது.

ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1760இல் ஆங்கிலேயர் கைக்கும், 1796இல் அமெரிக்கர் கைக்கும் மாறியது. 1798இல் அன்னம்மாள் பங்குக்கு வந்து சேர்ந்தார் அருள்தந்தை கபிரியேல் ரிச்சர்டு. பிரான்சிலே பிறந்தவர், புரட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வந்தவர். 1805 ஜூன் 11ஆம் நாள் ஒரு ரொட்டிக்காரரின் கொட்டிலில் பிடித்த தீ, மரத்தால் ஆன அந்த ஊரையே தின்று தீர்த்தது. கோயிலும் தப்பவில்லை. தங்க இடமின்றி நின்ற மக்களுக்கு, ஆற்றங்கரைப் பண்ணைகளிலிருந்து உணவு திரட்டிக் கொடுத்தார் கபிரியேல் சுவாமி. அப்போது அவர் லத்தீனில் எழுதிய சொற்கள்தாம் இவை: "ஸ்பெராமுஸ் மெலியோரா, ரெசூர்ஜெத் சினெரிபுஸ்." மேலானவற்றை நம்பியிருக்கிறோம், சாம்பலிலிருந்து அது எழும் என்பது பொருள். 1827இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நகர முத்திரையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி எரியும் ஊரைக் கண்டு அழுகிறாள். மற்றவள் அவளைத் தேற்றிப் புதிய ஊரைக் காட்டுகிறாள். அவர்களோடு இந்த வாசகமும் இன்றுவரை நிற்கிறது.

இந்தக் குருவானவரின் வாழ்க்கை தனியே ஒரு பேச்சுக்கு உரியது. 1809இல் அவ்வூருக்கு அச்சகம் கொண்டுவந்தார். 1817இல் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் மான்டீத்தோடு சேர்ந்து ஒரு கல்வி நிலையத்தை நடத்த முன்வந்தார். போதகர் தலைவர், நம் குருவானவர் துணைத்தலைவர். அதுவே பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகமாயிற்று. 1823இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அப்பிரதேசத்தின் பிரதிநிதியாகச் சென்றார்; அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் கத்தோலிக்கக் குரு அவரே. அங்கே அவர் வாதாடிப் பெற்றது சிக்காகோவுக்கு ஒரு சாலை. 1832இல் ஊரில் காலரா பரவியபோது நோயாளிகளைத் தேடிச் சென்று பணிபுரிந்து, செப்டம்பர் 13ஆம் நாள் உயிர்விட்டார்.

தேர்ச் சக்கரம்போல் ஒரு ஊர்

தீப்பிடித்துச் சில நாட்களே ஆன நிலையில், புதிதாக நியமிக்கப்பட்ட நீதிபதி அகஸ்டஸ் உட்வர்டு வந்து சேர்ந்தார். அவர் கண்டது சாம்பல் மேடு. அதைப் பார்த்து அவர் போட்ட திட்டமோ மாநகரத் திட்டம்! வட்டங்களும் அறுகோணங்களும், 120 அடியும் 200 அடியும் அகலமுள்ள சாலைகளும் கொண்டது அது. வாஷிங்டன் தலைநகரின் அமைப்பை மனத்தில் வைத்து வரைந்தார். சில நூறு பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு அகலமா என்று சிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அதற்குள் ஒரு துண்டு தரையில் பதிந்துவிட்டது. அந்தத் துண்டுதான் இன்றைய நடுநகர்.

தேர்ச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே குடம், குடத்திலிருந்து பிரியும் ஆரக்கால்கள். குடம்போல் இருப்பது 'கேம்பஸ் மார்ஷியஸ்' என்ற திடல். ஆரக்கால்களாக உட்வர்டு, மிச்சிகன், கிராண்டு ரிவர், கிராஷியட் என்ற சாலைகள் விரிகின்றன. ஆற்றோரமாக ஜெபர்சன் சாலை ஓடுகிறது. வடக்கே சிறிது தூரத்தில் அரைவட்டமாய் ஒரு பூங்கா. முழுவட்டமாகத் திட்டமிட்டு, பாதியில் நின்றது அது. இந்த ஆரக்கால்களில் மிச்சிகன் சாலைதான் கபிரியேல் சுவாமி நாடாளுமன்றத்தில் வாதாடிப் பெற்ற சிக்காகோச் சாலையின் தொடக்கம்.

புகை வெளியே, பணம் நடுவே

19ஆம் நூற்றாண்டில் டெட்ராய்ட் இரும்பு அடுப்புகளும், ரெயில் பெட்டிகளும், மருந்துகளும், கப்பல்களும் செய்யும் ஊராக வளர்ந்தது. 1896 ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவு கடந்த வேளையில் நடுநகரின் பாக்லி சாலையில் ஒரு வேடிக்கை நடந்தது. மின்சாரக் கம்பெனியில் வேலைபார்த்த ஒரு பொறியாளர், வாடகை வீட்டின் பின்புறக் கொட்டகையில் தாமே ஒரு சிறு மோட்டார் வண்டி செய்து முடித்தார். வெளியே எடுக்கப் பார்த்தால் வாசல் குறுகல்! கோடரியால் செங்கற்சுவரை இடித்து வண்டியை வெளியேற்றினார். அவர்தான் ஹென்றி போர்டு. அந்த ஊரில் மோட்டார் வண்டிக்காக இடிந்த முதல் சுவர் அது என்று சொல்லலாம். பின்னே எத்தனை சுவர்கள் இடிந்தன என்பதைப் பார்க்கப்போகிறோம்.

1913இல் போர்டின் ஹைலண்டு பார்க் ஆலையில், வண்டி நகர்ந்துவர ஆட்கள் நின்ற இடத்திலேயே வேலைசெய்யும் முறை வந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, 93 நிமிடமாகக் குறைந்தது. ஒரே அசைவை நாள் முழுதும் செய்யும் அந்த வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. ஆகவே 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார் போர்டு. அதைக் கேட்டு உலகின் பல திக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். போலந்துக்காரர், இத்தாலியர், மால்டாக்காரர், லெபனானியர், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் என்று ஊர் நிரம்பியது. 1900இல் 2,85,704 ஆக இருந்த மக்கள் தொகை, 1930இல் 15,68,662 ஆயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். பெரிய ஆலைகள் நடுநகரில் இல்லை. ஆலையின் புகை வெளியே இருந்தது. ஆலையின் பணம் நடுவே வந்து சேர்ந்தது. வங்கியாக, அலுவலகமாக, ஓட்டலாக, கடையாக, நாடக அரங்காக எழுந்தது. நடுநகரின் கட்டடக் கலை என்பது தொழிலாளியின் வியர்வை வேறு உருவில் எழுந்து நின்றதுதான்.

அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, 1929இல் திறந்த 40 மாடிக் கார்டியன் கட்டடம். ஒரு நிதிக் கம்பெனிக்காக வர்ட் ரோலண்டு என்ற கலைஞர் வரைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முடிந்த 47 மாடிப் பெனாப்ஸ்காட் கட்டடமும் அவர் கைவண்ணமே. மற்ற வானளாவிகள் சாம்பல் நிறக் கல்லில் நிற்க, கார்டியன் ஆரஞ்சு நிறச் செங்கல்லில் எழுந்தது. உச்சியிலும் வாசலிலும் வண்ண ஓடுகள். சில அந்நகரத்துப் பீவாபிக் சூளையிலேயே சுட்டவை. உள்ளே நுழைந்தால், நம் கோயில்களைப் போல் நீண்டுயர்ந்த நடுக்கூடம். பேச்சொலி எதிரொலிக்காமல் இருக்கக் கூரையில் குதிரைமயிர்ப் பாய் பரப்பி, அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மக்கள் அதற்கு 'நிதியின் பேராலயம்' என்று பெயர் சூட்டினார்கள்.

அந்தப் பேராலயத்துக் கடவுள் என்ன ஆனார் என்கிறீர்களா? திறந்த அதே ஆண்டு இறுதியில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. 1933 பிப்ரவரி 14ஆம் நாள், அந்தக் கம்பெனி தாக்குப்பிடிக்க முடியாத நிலையில், மிச்சிகன் ஆளுநர் மாநிலத்தின் எல்லா வங்கிகளையும் எட்டு நாளைக்கு மூடச் சொன்னார். கம்பெனி போயிற்று, கட்டடம் நின்றது. உலகப்போரின்போது இராணுவ உற்பத்தி அலுவலகமாயிற்று. 2007இல் வெய்ன் மாவட்ட நிர்வாகம் வாங்கியது. உள்ளே ஒரு வேலை இருந்துகொண்டே வந்ததால், அதன் ஓடுகூடப் பெயரவில்லை.

இரண்டாவது, நம்முடையது. 1930இல் வாஷிங்டன் சாலையில் கட்டப்பட்ட புனித அலோசியஸ் ஆலயம். நடுநகரில் நிலம் அங்குலக் கணக்கில் விற்ற காலம் அது. கிடைத்ததோ குறுகிய மனை. வேலைக்கு வருவோர் கூட்டமோ பெரிது. கட்டடக் கலைஞர் என்ன செய்தார் தெரியுமா? பீடத்துக்கு முன் தரையில் அரைவட்டமாகப் பெரிய திறப்பு விட்டு, கீழ்த்தளம், நடுத்தளம், மேல்மாடம் என மூன்று நிலைகளில் மக்களை அமர்த்தினார். மூன்று நிலையிலிருந்தும் ஒரே பீடம் தெரியும். இடமில்லை என்பதற்காக அவர்கள் யாரையும் வெளியேற்றவில்லை. அறிவைக் கொண்டு இடம் உண்டாக்கினார்கள்.

மூன்றாவது, உட்வர்டு சாலையில் நின்ற ஹட்சன் கடை. 1911இல் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்து, உலகிலேயே உயரமான பல்பொருள் கடை என்று பெயர் பெற்றது. ஊசிநூலிலிருந்து கட்டில் மெத்தை வரை அங்கே வாங்கலாம். ஆலைத் தொழிலாளியின் குடும்பம் கிறிஸ்துமஸ் நாளில் நல்லுடை உடுத்திப் போகும் இடம் அது.

உள்ளிருந்தே வந்த தேய்வு

1950இல் டெட்ராய்ட்டின் மக்கள் தொகை 18,49,568. அதுவே உச்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் குறைந்துகொண்டே வந்தது. ஏன்? வெளியிலிருந்து பகைவன் வரவில்லை. ஊர் எதைச் செய்து பிழைத்ததோ, அந்தக் கார்தான் ஊரை விட்டு வெளியே போகவும் வழிகாட்டியது. ஆலைகள் ஒரே தளத்தில் பரந்து கிடக்க நிலம் தேடிப் புறநகர்களுக்குப் போயின. வெள்ளையருக்கு வீட்டுக்கடன் எளிதாகக் கிடைத்தது. கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. 1954இல் ஹட்சன் நிறுவனமே புறநகரில் நார்த்லண்டு என்ற பெரிய கடைத்தொகுதியைத் திறந்தது. தாய்க் கடையின் வாடிக்கையாளரைச் சேய்க் கடை இழுத்துக்கொண்டது.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். நடுநகரின் கிழக்கே 'பிளாக் பாட்டம்' என்றொரு குடியிருப்பு இருந்தது. கறுத்த வளமான மண்ணைக் கண்டு பிரெஞ்சு உழவர் காலத்தில் எழுந்த பெயர் அது. பின்னாளில் கறுப்பின மக்கள் குடியிருக்க அனுமதி கிடைத்த மிகச்சில இடங்களில் அதுவும் ஒன்றாயிற்று. வீடுகள் பழையவை, நெருக்கமானவை, ஐயமில்லை. ஆனால் அங்கே ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்தது. மருந்துக்கடை, முடிதிருத்தகம், இசைக்கூடம், கோயில்கள் இருந்தன. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி வளர்ந்த இடம் அது. சேரியை அகற்றி நகரைப் புதுப்பிக்கிறோம் என்று 1950களில் அதை இடித்தார்கள். இடித்த இடம் ஆண்டுக்கணக்கில் களை முளைத்துக் கிடந்தது. பிறகு ஒரு பகுதியில் மீஸ் வான் டெர் ரோகே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் அழகிய கண்ணாடிக் குடியிருப்புகள் வந்தன. ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த இடத்தில் கார்கள் பறக்கும் பள்ளச்சாலை வந்தது.

அங்கே இருந்தவர்கள்? பெரும்பாலோர் வாடகைக் குடியினர். ஆகவே அவர்கள் கைக்குக் கிடைத்தது சொற்பம். பலர் 12ஆம் தெருப் பக்கம் போய் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். 1967 ஜூலையில் ஐந்து நாள் கலவரம் மூண்டு 43 பேர் மாண்டது அந்த 12ஆம் தெருவில் தொடங்கியதே. ஒரு வரிசை வீட்டை இடிப்பவன், அந்த வீட்டோடு காரியம் முடிந்தது என்று நினைக்கிறான். ஆனால் அங்கிருந்து கிளம்பிய மக்களோடு அந்தக் காரியமும் கிளம்பிப் போகிறது.

பிறகு நடுநகரில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. பாக்லி சாலையில், போர்டு சுவரை இடித்த அதே இடத்தில், 1926இல் சுமார் 4,000 பேர் அமரும் மிச்சிகன் அரங்கம் எழுந்திருந்தது. 1970களில் அதன் உள்ளே தளங்கள் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். முழுவதும் இடித்தால் ஒட்டிநிற்கும் அலுவலகக் கட்டடம் பாதிக்கப்படும் என்பதால் கூரையை விட்டுவைத்தார்கள். பொன்பூச்சுப் பூவேலைகளின் கீழே கார்கள் நிற்கும் காட்சியைக் கண்டு உலகமே வியந்தது. மோட்டார் பிறந்த இடத்தில் மோட்டாருக்கே தொழுவம்!

1977இல் ஆற்றோரம் 73 மாடி ஓட்டலோடு 'மறுமலர்ச்சி மையம்' எழுந்தது. உயரம் இருந்தது, ஆனால் தெருவில் நடப்பவனுக்கு அது முதுகைக் காட்டி நின்றது. 1983 ஜனவரியில் ஹட்சன் கடை மூடியது. 1998 அக்டோபர் 24ஆம் நாள் அதை வெடிவைத்து வீழ்த்தினார்கள். விழுந்த இடிபாடு பக்கத்தில் ஓடிய மேல்தடப் பாதையையும் சேதப்படுத்தியது. மிச்சிகன் சாலையில் நடுநகருக்கு மேற்கே, 1913இல் திறந்த பெரிய ரெயில் நிலையம் 1988இல் கடைசி ரெயிலை அனுப்பிவிட்டுப் பாழடைந்தது. திருச்சபையும் தப்பவில்லை. மக்கள் போய்விட்ட பகுதிகளில் 1989இல் ஏறத்தாழ முப்பது கோயில்களை மறைமாவட்டம் மூடவேண்டிவந்தது. அழகான கோயில்கள்! குடியேறிவந்த ஏழைகள் வாரக்கூலியில் மிச்சம்பிடித்துக் கட்டியவை. கோபுரம் உறுதியாகத்தான் இருந்தது. கீழே முழங்கால்படியிட ஆள் இல்லை.

2013 ஜூலை 18ஆம் நாள் நகராட்சியே திவாலானதாக நீதிமன்றம் சென்றது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்க நகராட்சி வரலாற்றில் அதுவரை அப்படியொரு திவால் இல்லை. ஓய்வுபெற்ற நகராட்சித் தொழிலாளரின் ஓய்வூதியத்திலும் வெட்டு விழுந்தது.

மீண்டும் எழுந்தபோது

இப்போது எழுச்சிக்கு வருவோம். 2004இல் கேம்பஸ் மார்ஷியஸ் திடலைப் பூங்காவாக்கித் திறந்தார்கள். 2010 முதல் டேன் கில்பர்ட் என்ற செல்வர் தம் வீட்டுக்கடன் நிறுவனத்தின் ஊழியரை நடுநகருக்குக் கொண்டுவந்து, காலியாய்க் கிடந்த கட்டடங்களை வரிசையாக வாங்கினார். 1926இல் கட்டி 2009இல் பூட்டிய 38 மாடிப் புக் கோபுரம் 2023இல் வீடுகளாகவும் ஓட்டலாகவும் திறந்தது. பாழடைந்த ரெயில் நிலையத்தை 2018இல் போர்டு நிறுவனம் வாங்கிப் பழுதுபார்த்து, 2024 ஜூனில் திறந்தது. ஹட்சன் கடை இருந்த வெற்றிடத்தில் புதிய கோபுரம் எழுந்தது. 2020 கணக்கெடுப்பில் 6,39,111 வரை இறங்கிய மக்கள் தொகை, பல பத்தாண்டுகளுக்குப் பின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சற்றே ஏறியது.

ரெயில் நிலையமும் புக் கோபுரமும் எழமுடிந்தது ஏன்? அவை பாழாய்க் கிடந்தாலும் நின்றன, நின்றதால் எழுந்தன. ஹட்சன் கடை எழவில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுந்தது. பிளாக் பாட்டமோ எழவே இல்லை. வெந்த சுவரை மீண்டும் பூசலாம். கலைந்த தெருவைத் திரும்பக் கூட்டுவது யாராலும் ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நடுநகரில் விளக்கு எரியத் தொடங்கிய அதே 2014இல், கட்டணம் கட்டாத ஆயிரக்கணக்கான ஏழை வீடுகளுக்குக் குடிநீர் துண்டிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர்கள் வந்து கண்டித்தார்கள். வரி பாக்கிக்காக வீடு இழந்தவர்களும் ஏராளம். ஊர் எழுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. எழுந்தது நடுநகர். ஓரநகரில் குடத்தோடு நின்றவளிடம் கேட்டால் வேறு பதில் சொல்லியிருப்பாள். இதனால் நடுநகரின் எழுச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. சாம்பலிலிருந்து எழும் என்று கபிரியேல் சுவாமி எழுதியபோது அவர் முன்னே நின்றது வீடிழந்து பசித்த மக்கள். சோறு கொடுத்த கையால்தான் அந்த வாசகத்தை எழுதினார். சோறு, பிறகு வாசகம். அந்த வரிசை மாறினால் வாசகத்துக்குப் பொருளில்லை.

அந்த வரிசையை மறவாதவர்களும் அவ்வூரில் இருந்தார்கள். 1929இல், கார்டியன் கட்டடம் திறந்த அதே ஆண்டில், கப்புச்சின் சபைத் துறவிகள் தங்கள் மடத்துப் பக்கம் வேலையிழந்தோருக்குச் சோற்றுக்கூடம் தொடங்கினார்கள். அந்த மடத்து வாயிற்காவலராக இருந்தவர் சங். சொலானுஸ் கேசி. கதவைத் திறந்து, வந்தவர் குறையைக் கேட்பதே அவர் பணி. நிதியின் பேராலயம் நான்காண்டு தாங்கவில்லை. சோற்றுக்கூடம் தொடர்ந்து நடந்தது. 1848இல் கட்டிய புனித பேதுரு பவுல் ஆலயம் நடுநகரில் இன்றும் நிற்கிறது. நகரின் மிகப் பழைய கோயில் கட்டடம் அதுவே. அங்கே 1990இல் வீடற்றோர் குளிர்காயத் தொடங்கிய மையம், 2024இல் 40 சிறு குடியிருப்புகள் கொண்ட வளாகமாக வளர்ந்தது.

2017 நவம்பர் 18ஆம் நாள் சொலானுஸ் சுவாமிக்கு அருளாளர் பட்டம் வழங்கினார்கள். எங்கே தெரியுமா? நடுநகரிலுள்ள கால்பந்து மைதானத்தில். அறுபதாயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். 2002இல் அந்த மைதானத்தைக் கட்டியபோது, பக்கத்தில் நின்ற ஹட்சன் கம்பெனியின் பழைய கிடங்கை இடிக்காமல் மைதானத்தின் ஒரு சுவராகச் சேர்த்துக்கொண்டார்கள். கடையே இல்லாமற் போனது. கடையின் கிடங்கு ஒரு வாயிற்காவலரின் திருநாளுக்குச் சுவராயிற்று.

நாம் கொள்ளவேண்டியது

பெரியோர்களே, கதை முடிந்தது. இனி உங்கள் கோயிலுக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்லி அமர்கிறேன்.

அன்னம்மாள் பங்கு தன் கோயிலை ஒருமுறை அல்ல, பலமுறை மாற்றிக் கட்டியிருக்கிறது. கபிரியேல் சுவாமியே 1818இல் மூலைக்கல் நாட்டி 1828இல் ஒரு கோயிலை முடித்தார். அதையும் விட்டு, 1886இல் இன்றைய கோதிக் கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். ஆகவே பழையதை மாற்றுவது பாவம் என்று அந்தப் பங்கு நமக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வெறுங்கையோடு புதுக்கோயிலுக்குப் போகவில்லை. பழைய கோயிலின் பீடத்தையும் மூலைக்கல்லையும் மணிகளையும் எடுத்துச் சென்றார்கள். கபிரியேல் சுவாமியின் எலும்புகளையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். 2020இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

ஆகவே, வரைபடம் போடுமுன் பங்குப் பேரவை ஒரு பட்டியல் எழுதட்டும். இந்தக் கோயிலிலிருந்து எதை எடுத்துச் செல்லப்போகிறோம்? பீடமா, மணியா, முதல் ஞானஸ்நானம் நடந்த தொட்டியா? வயதானவர்களைக் கேட்டு எழுதுங்கள்; அடுத்த விழாவுக்குள் சிலர் இருக்கமாட்டார்கள்.

மனை போதாது என்றால், அலோசியஸ் ஆலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியாளரிடம் முதற்கேள்வியாக, எத்தனை வீடு போகவேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு வீடும் போகாமல் எப்படி என்று கேளுங்கள். நல்ல பொறியாளருக்குக் கடினமான கேள்வி பிடிக்கும்.

அப்படியும் தென்புறத்து வரிசை வீடுகள் போகத்தான் வேண்டுமென்று முடிவானால், அந்தக் குடும்பங்களுக்கு முதலில் கூரை எழும்பட்டும். பிறகு கோயிலுக்குக் கல் இறங்கட்டும். அவர்களிடம் பட்டா இல்லாமல் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களாகவும் இருக்கலாம். ஹேஸ்டிங்ஸ் தெருவிலும் பெரும்பாலோரிடம் பத்திரம் இல்லை. இந்தக் கருத்தரங்குக்கு நாற்காலி தூக்கிப் போட்டவர்கள் அந்த வீடுகளின் பிள்ளைகள், வரும்போது பார்த்தேன். அடுத்த ஐம்பதாண்டு நிறைவில் புதிய கோயிலில் மணி அடிக்கும்போது, அதைக் கேட்க அவர்களும் இந்த ஊரில், இந்தப் பங்கில் இருக்கவேண்டும். முடிவு உங்களுடையது.